சீட்டில் உள்ள சொல்லைப் படிப்போம்

(பாலவனத்தத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நாம் குழு ஆரம்பித்த நாளை நினைத்துப் பாருங்க. பேங்க் பாஸ்புக்கைக் கையில் வாங்கினால் தலைகீழாப் பிடித்தவங்க நம்மில் இருந்தாங்க. அசல், வட்டி, தவணை, நிலுவை என்று யாராவது சொன்னால், "எங்க கைரேகை வைக்கணும் மேடம்?" என்று மட்டும்தான் கேட்போம். இன்றைக்கு அப்படியா? நிலுவையில் பத்து ரூபாய் கூடினாலும் மேனேஜர் முன்னாடி நின்று கேட்கிறோம். அந்த நாலு சொல்லைத் தெரிந்துகொண்டதுதான் நமக்கு வந்த தைரியம்.

இந்தப் பாலவனத்தம் சொல்லை மதித்த ஊர். இந்த ஊர் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவர்தான் 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அந்த ஊரில் நின்றுகொண்டு நான் இன்றைக்குச் சில சொற்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி, சிறுநீர் கொடுத்த பிறகு ஒரு சீட்டு கொடுக்கிறார்களே, அந்தச் சீட்டில் இருக்கிற சொற்கள். அதை நாம் மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொள்கிறோம், படிப்பதில்லை. படித்தவங்களும் சில நேரம் தப்பாகப் படிக்கிறோம். நானே அப்படிப் படித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் நமது குழு ஒன்றில் ஒரு அக்கா. நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவங்க. பெயர் சொல்ல மாட்டேன். இதைச் சொல்ல அவங்ககிட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன். அவங்களுக்கு இருமல். பஞ்சுத் தூசி என்று விட்டுவிட்டாங்க. கடையில் ஒரு செட் மாத்திரை, பிறகு இன்னொரு செட் என்று ஒன்றரை மாதம் ஓடியது. சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைப்பு. கடைசியில் சளிப் பரிசோதனை செய்து காசநோய், அதாவது டிபி என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். சாப்பிட ஆரம்பித்தாங்க.

இரண்டு மாதம் முடிந்து மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சீட்டை என்னிடம் கொண்டு வந்து, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாங்க. "நெகட்டிவ்" என்று இருந்தது. நான் சந்தோஷமாக, "அக்கா, கிருமி போயிருச்சு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. தொடரவும் சொல்லவில்லை. குமட்டலோடு ஷிப்ட் பார்க்க முடியாமல் தவித்த அந்த அக்கா, படித்த பிள்ளையே போயிருச்சுன்னு சொல்லியாச்சே என்று மாத்திரையை நிறுத்திட்டாங்க.

நாலு மாதம் கழித்து மறுபடி இருமல். இந்தத் தடவை சீட்டில் வேறு ஒரு சொல் இருந்தது: "ரெசிஸ்டன்ட்". பழைய மாத்திரை இனி அந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம். பதினொரு மாதம் வேறு மருந்து. மில் வேலை போச்சு. குழுக் கடன் தவணை நின்றது. காரணம் தெரியாத உறுப்பினர்கள் கூட்டத்தில் வைத்தே சத்தம் போட்டாங்க. ஒரு சொல்லை நான் பாதி தெரிந்து வைத்திருந்ததற்கு அவங்க கொடுத்த விலை அது. அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து இந்தச் சொற்களைப் படித்தேன். அவற்றைத்தான் ஒவ்வொன்றாக உங்களுக்குச் சொல்கிறேன்.

கிருமி

கண்ணுக்குத் தெரியாத உயிர் எல்லாவற்றையும் நாம் கிருமி என்கிறோம். அதில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று பாக்டீரியா. டிபி, டைபாய்டு, பெண்களுக்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு, புண்ணில் சீழ், இவை பெரும்பாலும் பாக்டீரியாவால் வருபவை. இன்னொன்று வைரஸ். சளிக் காய்ச்சல், டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா எல்லாம் வைரஸ். ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, களை இல்லாத காட்டில் களைக்கொல்லி அடித்த மாதிரி.

ஒரு அடையாளம் சொல்கிறேன். மாத்திரை அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கடையில் தருகிற செட்டில் அப்படி ஒன்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தொற்று வேறு, நோய் வேறு

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறோம். கிருமி உடம்புக்குள் வந்து தங்கினால் தொற்று. அது பெருகி உடம்பைக் கெடுக்க ஆரம்பித்தால்தான் நோய். நம் காட்டில் சீமைக்கருவேல் விதை மண்ணுக்குள் எத்தனை கிடக்கும்? எல்லாமா முளைக்கிறது? தோதான ஈரம் கிடைத்த விதைதான் முளைக்கும். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடம்பில் டிபி கிருமி தூங்கிக்கொண்டு இருக்கிறது. ஆனால் அப்படி உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். சாப்பாடு இல்லாமல் உடம்பு மெலிந்தால், சர்க்கரை நோய் இருந்தால், எச்ஐவி இருந்தால், பீடி, மது பழக்கம் இருந்தால் விதை முளைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் டிபி வந்தவர் வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். அதை "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். விதையாக இருக்கும்போதே பொறுக்கி எடுப்பது அது.

"ஐட்டிஸ்" என்று முடிந்தால்

டான்சிலைட்டிஸ், அப்பென்டிசைட்டிஸ், ஹெபடைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். எல்லாம் "ஐட்டிஸ்" என்று முடிகிறது பாருங்கள். அந்த வால் இருந்தால் "அழற்சி" என்று அர்த்தம். காலில் முள் குத்திய இடம் மறுநாள் எப்படி இருக்கும்? சிவப்பு, சூடு, வீக்கம், வலி. அதுதான் அழற்சி. உள்ளே வந்த பகையை விரட்ட உடம்பு போடுகிற சண்டை. சொல்லின் முன்பாதி இடத்தைச் சொல்லும்: ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டு அழற்சி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அழற்சி எல்லாமே கிருமியால் வருவதில்லை. முழங்கால் மூட்டு வலி பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

ஏ.எஃப்.பி.

சளிப் பரிசோதனைச் சீட்டில் இந்த மூன்று எழுத்து இருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கம் தறியும் சாயமும் தெரியாதவர் யார்? கெட்டிச்சாயம் என்றால் எத்தனை துவைத்தாலும் போகாது. டிபி கிருமிக்கும் அந்தக் குணம் உண்டு. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றி, பிறகு அமிலம் விட்டுக் கழுவுவார்கள். மற்ற பெரும்பாலான கிருமிகளில் சாயம் போய்விடும். டிபி கிருமியில் நிற்கும். அமிலத்துக்கும் சாயம் போகாத குச்சிக் கிருமி என்பதுதான் அந்த மூன்று எழுத்தின் அர்த்தம். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற டாக்டர், இந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று உலகத்துக்குச் சொன்னார். பரம்பரை நோய், பாவத்துக்கு வந்த நோய் என்ற பேச்சுக்கெல்லாம் அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. அந்த நாள்தான் உலக காசநோய் தினம்.

சீட்டில் 1+, 2+, 3+ என்று போட்டிருந்தால் கிருமி எவ்வளவு கண்ணில் பட்டது என்ற கணக்கு. எண் கூடினால் கிருமி கூடுதல்.

இங்கே ஒரு முக்கிய விஷயம். சளி கேட்டால் நாம் எச்சிலைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆம்பிளைங்க நிற்கிற இடத்தில் காறித் துப்பக் கூச்சம். எச்சிலில் கிருமி தெரியாது, பரிசோதனை வீண். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, தனியாக வெட்டவெளியில் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டிச் சளிதான் வேண்டும். கூச்சமாக இருந்தால் டப்பாவை வீட்டுக்கு வாங்கி வந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

பாசிட்டிவ், நெகட்டிவ்

நான் தவறிய இடம் இதுதான். பாசிட்டிவ் என்றால் நல்லது இல்லை, தேடியது கிடைத்தது. நெகட்டிவ் என்றால் தேடியது கண்ணில் படவில்லை. அவ்வளவுதான். "இல்லவே இல்லை" என்று அர்த்தம் இல்லை. ஒரு மில்லி சளியில் சுமார் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் படும். அதற்குக் கீழே இருந்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். சொளகில் நாலு கை அரிசி அள்ளிப் புடைத்தோம், கல் தென்படவில்லை. அதனால் மூட்டையில் கல்லே இல்லை என்று சொல்ல முடியுமா?

நம் கணக்கிலேயே சொல்கிறேன். இரண்டு மாதத்தில் நெகட்டிவ் என்றால் இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். கடன் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. நிலுவை இன்னும் இருக்கிறது. மிச்சம் நாலு மாத மாத்திரை அந்த நிலுவைக்குத்தான்.

இப்போது ட்ரூநாட், சிபிநாட் என்ற கருவிகளில் கிருமியின் மரபணுவையே தேடுகிறார்கள். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. மைக்ராஸ்கோப்பில் படாத குறைந்த அளவையும் இவை பிடிக்கும். முக்கியமான ஒரு மருந்துக்குக் கிருமி அசையுமா என்றும் அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிடும். நெகட்டிவ் வந்தும் இருமல் நிற்கவில்லை, எடை குறைகிறது என்றால், எக்ஸ்ரேயும் இந்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கல்ச்சர்

கல்ச்சர் என்றால் உறை ஊற்றுவது. பாலில் ஒரு சொட்டு மோர் விட்டு வைத்தால் காலையில் தயிர். அந்தச் சொட்டில் இருந்த பாக்டீரியா இரவோடு இரவாகப் பெருகியதுதான் தயிர். அதே மாதிரி சிறுநீரையோ சீழையோ சளியையோ கிருமிக்குப் பிடித்த உணவில் வைத்து வளர்த்துப் பார்ப்பது கல்ச்சர். நீர்க்கடுப்பு உண்டாக்கும் கிருமி நல்ல தோது கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அதனால் இரண்டு மூன்று நாளில் ரிசல்ட் வரும். டிபி கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுக்கும். அதனால் கல்ச்சர் ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். "அலைய விடுறாங்க" என்று கோபப்பட வேண்டாம்.

ஆறு மாதம் ஏன் மாத்திரை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கிருமி மெதுவாக வளரும், பாதி நேரம் தூங்கும். தூங்குகிற கிருமியை மருந்து சீக்கிரம் கொல்லாது. அது எழும்பி வரும்வரை மருந்து காவலுக்கு நிற்க வேண்டும்.

சென்சிட்டிவ், ரெசிஸ்டன்ட்

கல்ச்சர் சீட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் "சென்சிட்டிவ்" என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். "ரெசிஸ்டன்ட்" என்றால் சாகாது. இதை, "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்கிறோம். அது சரியில்லை. பழகியது உடம்பு இல்லை, கிருமி.

பருத்திக் காட்டில் பார்த்திருக்கிறீர்கள். அரைகுறையாக மருந்து அடித்தால் எளிய புழு சாகும், முரட்டுப் புழு மிஞ்சும். அடுத்த தடவை காடு முழுக்க அதன் வாரிசுதான். அதே மருந்தை டின் டின்னாக அடித்தாலும் அசையாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நெஞ்சுக்குள் நடப்பதும் அதுதான். இன்னொரு கஷ்டம், அந்த முரட்டுக் கிருமி இருமல் வழியாக அடுத்தவருக்குப் போனால், அவருக்கு முதல் நாளிலேயே பழைய மருந்து செல்லாது. ஒரு தப்பும் செய்யாத பிள்ளை அதைச் சுமக்க வேண்டி வரும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாமாக நிறுத்தக் கூடாது, போய்ச் சொல்ல வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி இருந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற தங்கச்சிகள் அதையும் சொல்லிவிட வேண்டும். டிபி மருந்து அதன் வேலையைக் குறைத்துவிடும்.

பயாப்சி

டிபி நெஞ்சில் மட்டும் வருவதில்லை. கழுத்தில் நெறி கட்டலாம், முதுகெலும்பில் வரலாம், கர்ப்பப்பையில் வந்து குழந்தை இல்லாமல் செய்யலாம். "மலடி" என்று பேச்சு வாங்குகிற பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. கழுத்துக் கட்டி போன்றவற்றில் ஊசி விட்டோ, சிறு துண்டு சதை எடுத்தோ பார்ப்பார்கள். துண்டு எடுத்துப் பார்ப்பதற்குப் பெயர் பயாப்சி. பயாப்சி என்றதும் கேன்சர் என்று அழ வேண்டாம். அது தீர்ப்பு இல்லை, விசாரணை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்து ஓடவும் வேண்டாம். "பினைன்" என்று வந்தால் பரவாத சாதாரணக் கட்டி. "மலிக்னன்ட்" என்று வந்தால் புற்றுநோய், தாமதிக்காமல் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தட்டைத் தனியா வைக்க வேண்டாம்

இனி வீட்டுக்குள் நடப்பது. டிபி என்றதும் தட்டு, டம்ளர் தனி. பாயைத் திண்ணைக்குத் தள்ளுகிறோம். மருமகளாக இருந்தால் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம். இந்தக் கிருமி தட்டில் வராது, காற்றில்தான் வரும். இருமும்போது வாயைத் துணியால் மூடணும், ஜன்னல் கதவு திறந்திருக்கணும், மாத்திரை தவறாமல் உள்ளே போகணும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இதை உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். இவர்கள் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கமான சின்ன வீடுகளிலேயே வைத்தும் ஒரு வருடம் அதே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு அதே வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. அதன் பிறகுதான் பல நாடுகளில் வீட்டிலிருந்தே வைத்தியம் என்று மாறியது. நம் ஊர் ஏழைக் குடும்பங்கள் கொடுத்த பாடம் அது. அதை நாமே மறக்கலாமா?

சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு மாதிரி சத்தான உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்ததில், வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் மத்திய அரசு நோயாளியின் பேங்க் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது ஐந்நூறாக இருந்தது. இந்தப் பணம் முட்டைக்கும் பயறுக்கும்தான், வேறு கணக்குக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் தெரிந்த உடனே எடை, மூச்சு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நம் உறுப்பினருக்கு அப்படிப் பார்த்தார்களா என்று நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் இந்த நாலையும் எழுதுங்கள்.

ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அது மில் தூசியோ கரிமூட்டப் புகையோ என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அங்கே காசு இல்லை.

இரண்டு: எந்தச் சீட்டு வந்தாலும், "இதில் என்ன இருக்கிறது, நான் இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்காமல் எழுந்து வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் 104க்கு அல்லது டிபி உதவி எண் 1800-11-6666க்குப் போன் செய்யலாம்.

மூன்று: மாத்திரை சாப்பிடும் உறுப்பினருக்கு, அவர் சம்மதித்தால், குழுவில் ஒருவர் துணை. தினமும் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் சொல்லாததை வெளியே யாரும் சொல்லக் கூடாது.

நான்கு: வைத்திய காலத்தில் தவணை கட்ட முடியாவிட்டால் குழு கூடிப் பேசி அவகாசம் கொடுக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது.

அந்த அக்கா குணமாகிவிட்டாங்க. கடைசிச் சீட்டை என்னிடம் கொண்டு வந்தபோது அதிலும் "நெகட்டிவ்" என்றுதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவங்களே சொன்னாங்க: "மேடம், டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நிலுவை இல்லையாம். ஆனா ரெண்டு வருசத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணுமாம்." நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை அவங்க கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாங்க. இன்றைக்கு அவங்க குழுவில் யார் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கினாலும் முதலில் அவங்ககிட்டதான் காட்டுறாங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் மடித்து வைத்திருக்கிற சீட்டுகளில் புரியாத சொல் ஒன்றை ஆளுக்கொன்று எழுதிக் கொண்டு வாங்க. சீட்டைக் கொண்டு வர வேண்டாம், சொல் மட்டும் போதும். நர்சம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன், அவங்ககிட்ட கேட்டு எல்லோரும் சேர்ந்து படிப்போம்.